முக்கால் மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் பழைய லொறி

கேள்வி:
1994ஆம் ஆண்டு டீசல் லொறி, 24 வோல்ட். வத்தளையில் இருந்து புறக்கோட்டைக்குச் சாமான் ஏற்றுகிறேன். காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் முக்கால் மணி நேரம் ஓடியதும் இழுவை குறைந்துகொண்டே வந்து களனிப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் விட்டால் பழையபடி ஓடும். டீசல் பில்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். கராஜில் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள், செலவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில் 1:
அண்ணா, பம்பில் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். அடுத்த முறை நின்றதும் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது, உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. சத்தம் இல்லையென்றால் டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் வலையைப் பாருங்கள். என் பஸ்ஸில் அதில் ஒரு துணித்துண்டு ஒட்டியிருந்தது, எஞ்சின் நின்றதும் அது விலகிவிடும், அதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் அலைந்தேன்.

பதில் 2:
இழுவை குறையாமல் டக்கென்று நின்றால் ஸ்டாப் சொலினாய்டையும் (எஞ்சினுக்கு டீசலைத் திறந்து மூடும் கரண்ட் வால்வு) பாருங்கள், சூடேறினால் சுருள் விட்டுவிடும். நின்ற உடனேயே அதற்கு கரண்ட் வருகிறதா என்று பல்ப் வைத்துப் பார்க்கலாம். பழுதென்றால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும்.

கேட்டவர்:
இன்று நின்றதும் மூடியைத் திறந்தேன், நன்றாகவே உஸ் என்றது! துளை முழுக்க சேறு. சுத்தம் செய்து இரண்டு நடை போய்வந்தேன், நிற்கவில்லை. தம்பிமாருக்கு மிகவும் நன்றி.