கன்ஸ்மோக்: மார்ஷல் ஏன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்?

பழையரீல் கேட்டது:

வணக்கம். இரண்டு மாதமாக தினமும் ராத்திரி ‘கன்ஸ்மோக்’ என்கிற பழைய அமெரிக்க கௌபாய் டிவி தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கருப்பு வெள்ளை எல்லாம் முடிந்து இப்போது கலர் சீசன்களுக்கு வந்துவிட்டேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கதாநாயகன், ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் மேட் டில்லன் நேரே நடந்து வரும்போது சில காட்சிகளில் வலது காலை லேசாகத் தாங்குகிறார். ஒரு எபிசோடில் நன்றாகவே தெரிகிறது, அடுத்ததில் சுத்தமாகக் காணோம். அவருடைய உதவியாள் செஸ்டர் காலை இழுத்து நடப்பது கதாபாத்திரத்துக்காக என்று புரிகிறது. மார்ஷலுக்கு என்ன ஆயிற்று? படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்தாரா? மார்ஷலாக நடிப்பவர் ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற பேரைத் தவிர இவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆறாம்குண்டு:

குதிரை இல்லை நண்பரே, இரண்டாம் உலக யுத்தம். 1944 ஜனவரியில் இத்தாலியில் அன்ஸியோ கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியதே, அதில் மூன்றாவது காலாட்படை டிவிஷனில் இவர் ஒரு சாதாரண சிப்பாய். உயரம் 6 அடி 7 அங்குலம். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க படகிலிருந்து முதல் ஆளாக இவரைத்தான் இறக்கிவிட்டார்கள், இவருக்கு எதுவரை வருகிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் குதித்தார்கள். சில நாள் கழித்து இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வலது காலைச் சிதைத்துவிட்டன. அறுவை சிகிச்சை, பல மாதம் ஆஸ்பத்திரி வாசம், அப்புறம் 1945-ல் படையிலிருந்து விடுவித்தார்கள். அந்தக் கால் முழுசாகக் குணமாகவே இல்லை. அதிக நேரம் நின்றாலோ குதிரையில் ஏறி இறங்கினாலோ வலிக்கும். ஒரு எபிசோடில் தெரிந்து அடுத்ததில் தெரியாமல் போவதற்குக் காரணம் அதுதான்: அன்றைக்கு எவ்வளவு வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

பிறந்தது 1923-ல், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில். யுத்தம் முடிந்து ஊரில் வானொலி அறிவிப்பாளராக இருந்துவிட்டு ஹாலிவுட் போனார். ‘மிஷன் இம்பாஸிபிள்’ தொடரில் வரும் பீட்டர் கிரேவ்ஸ் இவருடைய சொந்தத் தம்பி, பலருக்கு இது தெரியாது. கௌபாய் படங்களின் பெரிய நட்சத்திரம் ஜான் வெய்னின் கம்பெனியில் ஒப்பந்த நடிகராக இருந்தார். 1955 செப்டம்பர் 10-ல் முதல் எபிசோடு வந்தபோது வெய்னே திரையில் தோன்றி ‘இவர் புது ஆள், பழகிக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி அறிமுகம் செய்து வைத்தார். அப்புறம் 20 சீசன், 635 எபிசோடு.

கிட்டிரசிகை:

செஸ்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், எனக்கு இந்தத் தொடரிலேயே மனசை என்னவோ செய்யும் விஷயம் இதுதான். செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் கல்லூரியில் பெரிய தடகள வீரர். 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில் டெகத்லானில் (ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டி சேர்ந்தது) ஆறாவதாக வந்தவர். பத்து விளையாட்டு விளையாடுகிற கால் அது! அந்த மனுஷர் ஒன்பது வருடம் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நடித்தார், அதற்கு 1959-ல் எம்மி என்கிற அமெரிக்க டிவி விருதும் வாங்கினார். பக்கத்திலேயே எலும்பு நொறுங்கி ஒட்டிய காலோடு இன்னொருவர் ஒன்றுமே இல்லாத மாதிரி நடந்துகொண்டிருந்தார், அவர் மூன்று தடவை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு எம்மி கூட வாங்கவில்லை. வீவரைக் குறை சொல்லவில்லை, அருமையான நடிகர். ஆனால் இது தெரிந்த பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து தெருவில் நடக்கும் காட்சி எதையும் என்னால் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை.

வடக்குவாசல்:

கால் விஷயம் சரி, மரியாதை உண்டு. ஆனால் நடிப்பு? எனக்கு அவர் எப்போதும் மரம் மாதிரி நிற்பதாகத்தான் தோன்றும். ஊர் டாக்டர் டாக், மதுக்கடை நடத்தும் கிட்டி, பிற்பாடு உதவியாளாக வந்த ஃபெஸ்டஸ் எல்லாரும் சுற்றி நின்று தொடரைத் தூக்கிப் பிடித்தார்கள். கடைசிப் பக்கத்து சீசன்களில் பல கதைகளில் மார்ஷல் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

ஆறாம்குண்டு:

வடக்குவாசல், தலையைக் காட்டுவது பற்றிச் சொன்னது சரிதான், கதையை விருந்தினர் நடிகர்களிடம் விட்டுவிடுவார்கள். மரம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய சீசன்களின் டைட்டில் காட்சியை நினைத்துப் பாருங்கள். கேமரா டில்லனுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. தெருக்கோடியில் எதிராளி. (அது அர்வோ ஓஜாலா, ஹாலிவுட் நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவச் சொல்லிக்கொடுத்தவர்.) முதலில் சுடுவது எதிராளி, டில்லன் ஒரு நொடி பிந்தித்தான் சுடுகிறார், விழுவது எதிராளி. அதற்கப்புறம் அவர் முகத்தைப் பாருங்கள், ஜெயித்த சந்தோஷம் துளியும் இருக்காது. ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்கிற கனம்தான் இருக்கும். யுத்தத்தில் நிஜமாகவே சுடப்பட்ட ஒரு மனிதருக்கு அந்த முகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. அதை நடிப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

1967-ல் இதை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி நிறுவனம் இந்தத் தொடரை நிறுத்தவே முடிவு செய்துவிட்டது. தலைவர் வில்லியம் பேலி தலையிட்டு மீட்டார், திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள், அதற்கு இடம் விட்டு ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்கிற நகைச்சுவைத் தொடர் போயிற்று. மாற்றிய கையோடு மறுபடி முதல் பத்துக்குள் வந்துவிட்டது. வெறும் மரத்துக்காக இன்னும் எட்டு வருடம் ஜனங்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கிட்டிரசிகை:

இன்னொன்று. அந்தக் காலை வைத்துக்கொண்டு மனுஷர் அலைச்சறுக்கு விளையாடுவாராம்! மகன் ரோல்ஃப் 1970-ல் உலக அலைச்சறுக்குச் சாம்பியன். சினிமா விருந்து, பேட்டி இதெல்லாம் ஆர்னஸுக்குப் பிடிக்காது, கடல்தான் பிடிக்கும். 2011 ஜூனில் 88 வயதில் காலமானார். தன் மறைவுக்குப் பிறகு வெளியிடச் சொல்லி ரசிகர்களுக்கு நன்றிக் கடிதம் ஒன்றை முன்னாடியே எழுதி வைத்திருந்தார்.

பழையரீல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதெல்லாம் படித்துவிட்டு நேற்று பழைய எபிசோடு ஒன்றைத் திரும்பப் போட்டேன், கதை மண்டையில் ஏறவே இல்லை, கண் அவர் காலிலேயே இருந்தது. ஒரு கேள்வி பாக்கி: 1975-ல் கடைசி எபிசோடு என்று தனியாக எதுவும் எடுக்கவில்லையாமே? அப்படியானால் 1987-ல் வந்த ‘கன்ஸ்மோக்’ டிவி படத்தைப் பார்க்கலாமா?

ஆறாம்குண்டு:

ஆமாம், முடிவு எபிசோடு கிடையாது. அடுத்த சீசன் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டார்கள். 87 படத்தைத் தாராளமாகப் பாருங்கள், கிட்டியாக அமாண்டா பிளேக் திரும்ப வருகிறார். டாக் இருக்க மாட்டார், அந்த வேஷத்தில் நடித்த மில்பர்ன் ஸ்டோன் 1980-லேயே காலமாகிவிட்டார். ஆர்னஸுக்கு அப்போது 64 வயது. குதிரையிலிருந்து இறங்கும் இடங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.