வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

முடிச்சூர்வாசி
மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். சம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் முழுக்க முங்கிவிட்டது. கரண்ட் வந்தாலும் மெக்கானிக் பார்க்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்று பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தேன். மாடியில் குடியிருப்பவர் அதைக் கிழித்துவிட்டு சுவிட்சைப் போட்டார். ஒரு உறுமல், சுற்றவே இல்லை, அப்புறம் காயில் கருகும் நாற்றம் படிக்கட்டு முழுக்க. இறங்கி வந்து கேட்டார் பாருங்கள்: "சார், தண்ணி மோட்டார் தண்ணியில நனைஞ்சா என்ன ஆயிடும்?" ரீவைண்டிங் காசு இன்றுவரை வரவில்லை.

பழைய வயர்மேன்
2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் என் மோட்டாரும் மூழ்கியது. காய வைத்தேன், ஓடியது. ஆனால் எல்லாரும் இதைக் கேளுங்கள். முதலில் மெயினை இறக்குங்கள். மூடியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சேறு காய்ந்தால் காயிலை விட்டு வராது. ஹேர் டிரையர் மேலே மட்டும்தான் உலர்த்தும். பெட்டியில் வைத்து குண்டு பல்பைப் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு 500 வோல்ட் மெக்கர், அதாவது காயிலிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர். காயிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மெகா ஓம் கூடக் காட்டாவிட்டால் கரண்ட் கொடுக்காதீர்கள். மல்டிமீட்டரை நம்பாதீர்கள், அதன் பேட்டரி வோல்டேஜுக்கு ஈரக் காயிலும் நல்லதாகவே தெரியும். கெப்பாசிட்டரை யோசிக்காமல் மாற்றுங்கள். பேரிங்கில் கிரீஸ் போயிருக்கும். இன்று ஓடினாலும் துருப்பிடித்துக் கத்தும். எர்த் வயரையும் பாருங்கள்.

எர்ணாவூர் பொண்ணு
கழுவச் சொல்வது சுலபம் அண்ணா. எங்களுக்கு மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்தது. மெக்கானிக் பின்மூடியைத் திறந்ததும் தார் போல ஒழுகியது, தொடாமலே மூடிவிட்டார். புது மோட்டார்தான் வாங்கினோம். சம்ப்பை சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தும் பக்கெட்டில் வானவில் மிதந்தது. அந்தப் பக்கெட்டைப் பார்த்து அம்மா அழுததுதான் எனக்கு மறக்கவில்லை, மோட்டார் இல்லை.

காயல் காற்று
முடிச்சூர் சார், உங்கள் மாடி வீட்டுக்காரர் கேட்டது எங்கள் வீட்டுக்குச் சரி. அதே 2023 டிசம்பர் 17, 18 மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்களுடையது போர்வெல்லுக்குள் இருக்கும் சப்மெர்சிபிள், அது எப்போதும் தண்ணீரில்தானே கிடக்கிறது! மூழ்கியது சுவரில் இருந்த பேனல் பெட்டி மட்டும். வந்த ஆளோ பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மோட்டார் போச்சு, பைப்பெல்லாம் மேலே ஏத்தணும்" என்று சங்கிலியை இறக்க ஆரம்பித்துவிட்டார். வாப்பா வாசலை மறித்து நின்றார். பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் பெட்டியைச் சுத்தம் செய்து கெப்பாசிட்டரை மாற்றியதும் தண்ணீர் ஏறியது. வயர்மேன் அண்ணே, ஊரே இருட்டில் கிடந்தபோது குண்டு பல்புக்கு எங்கே போவது?

பழைய வயர்மேன்
வெயில் போதும் தம்பி. அது இருக்கட்டும், ரன்னிங் கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோ ஃபாரட் போட்டார்? பழையதில் இருந்த அதே அளவுதானா?