பாட்டுத் தாளில் 'எஃப்' வேண்டுமா, தமிழ் வேண்டுமா?

பாறைக்காரன்:
பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். கிறிஸ்துமஸ் பாட்டுத் தாளில் உள்ள எஃப் (ஃபோர்ட்டே, சத்தமாக), பி (பியானோ, மெல்ல) எழுத்துகளை எடுத்துவிட்டு வல்லிசை, மெல்லிசை என்று போடலாம் என்கிறேன். ஃபோர்ட்டே என்றால் இத்தாலியத்தில் 'வலுவாக' என்றுதானே பொருள்? வல்லினம், மெல்லினம், இடையினம் பிரித்த நமக்கு நடுத்தரச் சத்தமான மெட்ஸோ ஃபோர்ட்டேகூடக் கஷ்டமில்லை: இடைவல்லிசை.

ஆல்ட்டோ அக்கா:
தம்பி, மெல்லிசை என்று போட்டால் கல்யாணக் கச்சேரி என்று நினைத்து ரிதம் பேடைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேகத்தையும் உணர்ச்சியையும் ஜெர்மனில் எழுதிய இசையமைப்பாளர் மாலரே எஃப், பி-யை விடவில்லை.

போன வருடம் நடந்தது மறந்துவிட்டதா? மாஸ்டர் "உச்சத்தில் பாடணும்" என்றார். மலையாளத்தில் அதற்குச் சத்தமாக என்று அர்த்தம். நம் பிள்ளைகள் உச்சஸ்தாயி என்று நினைத்துச் சுருதியைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறைக்காரன்:
அதே கீபோர்டில் புதிதாக வந்த பெண், எஃப்-ஐப் பார்த்து எஃப் மேஜர் கார்டு (சுரக்கூட்டு) பிடித்தாளே, அதையும் சொல்லுங்கள்.

ஆல்ட்டோ அக்கா:
கார்டு வரிக்கு மேலே, பெரிய எழுத்து. இது வரிக்குக் கீழே, சாய்ந்த சின்ன எழுத்து. ஜெராக்ஸ் மங்கலாக இருந்தால் இத்தாலி என்ன செய்யும்?

செண்டைப்பிரியன்:
கேரளக் கோயில் செண்டை மேளமான பஞ்சாரி மேளத்துக்கு எந்தத் தாள்? 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று தானே ஏறுகிறது.

ஆல்ட்டோ அக்கா:
அண்ணா, அது காலக் கணக்கு. இங்கே பேச்சு சத்தத்தைப் பற்றி.

பாறைக்காரன்:
இத்தாலியச் சொல்லே நிலையாக நின்றதா? பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் பெரிதாக மாறாது. 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி சுத்தியல் வைத்து, மெல்லவும் வலுவாகவும் ஒலிக்கிற கருவி செய்தார். பியானோஃபோர்ட்டே என்று பேர் வந்து, வால் அறுந்து பியானோ ஆகி, அவ்வளவு பெரிய பெட்டிக்கு இன்று 'மெல்ல' என்று பேர்! ஆங்கிலத்தில் "என் ஃபோர்ட்டே சமையல்" என்கிறார்களே, அது பிரெஞ்சு வழி வந்தது. கடைசி ஏகாரம் பிறகு ஒட்டியது. சரி, வல்லிசை வேண்டாம். எஃப்-க்கு அடியில் 'உரக்க' என்று போடட்டுமா?

ஆல்ட்டோ அக்கா:
அது நல்ல சொல். மலையாளத்திலும் 'உறக்கெ'தான், மாஸ்டருக்கும் புரியும். ஆனால் தட்டச்சு செய்கிறவரிடம் சொல்லிவை. மலையாளப் பழக்கத்தில் வல்லின 'ற' போட்டுவிட்டால் டெனர் குரலில் பாடும் நம் ஆண்கள் தூங்கிவிடுவார்கள்.