கட்டடம் எழும்பியது, கணித ஆசிரியர் எங்கே?

கொட்டியாரத்தான்

போன கிழமை மருமகளின் விடுகைப் பத்திரம் எடுக்கத் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புது மாடிக் கட்டடம், ஆய்வுகூடம், பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. பத்தாம் ஆண்டு வகுப்புச் சுவரில் நேரசூசி ஒட்டியிருந்தது. மற்றப் பாடங்களுக்கு நேரே ஆசிரியர்களின் முதலெழுத்து மையால் எழுதியிருக்கிறது. கணிதத்துக்கு நேரே மட்டும் பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் அந்த இடத்தில் தாளே ஓட்டை விழுந்துவிட்டது.

போர் முடிந்தது 2009இல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது அந்த வருடம் முடியவில்லை. மூதூர்ப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் 2006 சித்திரையில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கிடந்து, 2015, 2016இல்தான் காணிக்குத் திரும்பியது. 2006இல் முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளை 2016இல் பதினோராம் ஆண்டு. அதன் பள்ளிக்காலம் ஏறக்குறைய முழுவதும் முகாமிலேயே போய்விட்டது.

நான் கேட்பது இதுதான். கல்வியியற் கல்லூரியை முடித்து வருகிற ஆசிரியர் முதல் 5 வருடம் கஷ்டப் பிரதேசத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். ‘இணைப்பு’ என்ற பெயரில் பட்டணத்துக்கு எடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். சம்பளம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெயரில், ஆள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் என்றால் ஆளணிக் கணக்கில் எங்களுக்கு வெற்றிடமே இல்லை என்று வருகிறது. பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

லாஞ்ச் ரீச்சர்

தம்பி, இணைப்பு பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. 5 வருடக் கட்டாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியாது.

என் முதல் நியமனம் மூதூர்ப் பக்கம். அப்போது தரைவழியாகப் போகக் கிண்ணியாப் பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. திருகோணமலை இறங்குதுறையில் விடிய லாஞ்ச் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து போவோம். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் லாஞ்ச் ஓடாது. ஓடிய நாளிலும் தவணைப் பரீட்சைத் தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் வைத்துக் குனிந்திருப்பேன். முதுகு முழுக்க உப்புத் தண்ணீர். போய்ச் சேர்ந்து சேலையைப் பிழிந்துவிட்டு வகுப்புக்குள் நுழைவேன்.

அங்கேயே தங்கலாம் என்று ஒரு வீட்டில் அறை எடுத்தேன். மலசலகூடத்துக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குத்தான் தொங்கியது. இருபத்து நான்கு வயதுப் பெண் அங்கே எத்தனை மாதம் இருப்பாள்? நான் எட்டு மாதம் இருந்தேன். இடமாற்றம் கேட்டு எழுதினேன், அதை மறைக்கவில்லை. இன்றைக்கும் இந்த நிலைமை பல இடங்களில் மாறவில்லை. ஆய்வுகூடம் கட்டுகிறவர்கள் பக்கத்தில் ஆசிரியர் விடுதிக்கு நான்கு அறை கட்டியிருந்தால் உங்கள் நேரசூசித் தாள் ஓட்டை விழுந்திருக்காது.

இன்னொன்று. போர்க்காலத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பூட்டவிடாமல் வைத்திருந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். ஊர்ப் பிள்ளைகள், சம்பளம் இல்லை. அப்படியானவர்களைத் தேடிப் பயிற்சி கொடுங்கள். மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஊர்க்காரர் ஊரில் நிற்பார்.

கொட்டியாரத்தான்

ரீச்சர், அந்தத் தொண்டர் ஆசிரியர்களிடம் படித்தவன் நான். என் அக்காவும் அப்படிப் படிப்பித்தவர்தான். அவர்களைக் குறைத்துச் சொல்ல என் வாய் வராது. ஆனால் கலைப் பிரிவில் உயர்தரம் முடித்த அக்கா பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்க வேண்டி வந்தது. முதல் நாள் இரவு விளக்கு வைத்துத் தான் படித்துவிட்டு, மறுநாள் அதைச் சொல்லிக் கொடுப்பா. அட்சரகணிதம் வந்த கிழமை அழுதா. பயிற்சி கொடுத்து ஊர்க்காரரை எடுப்பது நல்லதுதான், ஆனால் அவர்கள் பயின்று வர வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் பத்தாம் ஆண்டுப் பிள்ளை என்ன செய்யும்? சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தர வாசல் பெரும்பாலும் அடைபட்டுப் போகும்.

குறிஞ்சாக்கேணி

ஆசிரியர் வருகிற வழியைக் கதைக்கிறீர்கள். பிள்ளை போகிற வழியையும் பாருங்கள். 2021 நவம்பரில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் எங்கள் களப்பைக் கடக்கிற மிதவைப் படகு, நாங்கள் படகுப்பாதை என்போம், அது கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேதான் நடந்தது. எனக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஓய்வு பெற்ற அதிபர்

தம்பியும் ரீச்சரும் விட்ட ஒரு இடத்தைச் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்த 16இல் ஒன்று. நல்ல ஏற்பாடு, அதை யாரும் தொடக்கூடாது. ஆனால் கணக்குப் போடுவது மாவட்டத்துக்குத்தானே? கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடங்கள் கூடுதலாக நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. வெருகல் பிள்ளையின் பின்தங்கிய நிலையைக் காட்டிக் கிடைக்கிற இடத்தில் பட்டணத்துப் பிள்ளை போய் இருக்கிறது. பட்டணத்துப் பிள்ளையில் பிழை இல்லை, அதுவும் கஷ்டப்பட்டுத்தான் படித்தது.

தம்பியின் 5 வருட விதியில் ஒரு சிக்கல். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பள்ளிக்கூடங்கள் மாகாணத்துக்கு, தேசியப் பாடசாலைகள் கொழும்பு அமைச்சுக்கு. மாகாணம் மட்டும் விதி போட்டால் ஆசிரியர் தேசியப் பாடசாலைக்கு மாறிப் போய்விடுவார். அந்தக் கதவை என் காலத்திலும் அடைக்க முடியவில்லை. மூன்று வருடத்தில் நான்கு நல்ல ஆசிரியர்களை அப்படி வழியனுப்பி வைத்தேன்.

கொட்டியாரத்தான்

அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே விதி வேண்டும், சேர். விடுதி கட்டட்டும், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் விடுதி வரும்வரை காத்திரு என்று என் மருமகளின் வகுப்புக்கு யார் சொல்வது? அவளை நாங்கள் பட்டணத்துக்கு மாற்றிவிட்டோம். மற்ற இருபத்தொரு பிள்ளைகளும் அங்கேதான் இருக்கின்றன.

லாஞ்ச் ரீச்சர்

சரி தம்பி, வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுவோம். முதல் வரி விடுதி, கதவும் பூட்டும் உள்ள விடுதி. இரண்டாவது, இணைப்பில் போனவர்களின் பட்டியலை எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கே என்று வலய அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நான் கையெழுத்து வைக்கிறேன். 5 வருடம் என்ற வரி அதில் இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.