திண்ணையில் தங்கிப் படம் எழுதியவர்

காங்கேயத்திலிருந்து:

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஓர் எண்ணெய் வண்ணப் படம் உண்டு. அம்மிச்சியின் மாமனார் உருமால் கட்டி, காதில் சிவப்புக் கடுக்கனோடு உட்கார்ந்திருப்பார். ஊர் ஊராகப் போகும் ஓவியர் ஒருவர் அறுவடை முடிந்த சமயம் வந்து, திண்ணையிலேயே பத்துப் பதினைந்து நாள் தங்கி எழுதினாராம். தினமும் வெயில் ஏறும் முன்னே வாசலில் கிழக்குப் பார்த்து உட்காரச் சொல்வாராம். கூலி, கொஞ்சம் பணமும் ஒரு பொதி கம்பும். "பேரு தெரியாது சாமி, படம் எழுதறவருன்னுதான் மாமியா சொல்லுவாங்க" என்பார் அம்மிச்சி.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் படத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். மீசையின் ஒரு நுனி போயே போய்விட்டது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த சாயம் இறுகி, காலப்போக்கில் மெல்லிய வெடிப்பு விடும். ஈரம் அதன் வழியே இறங்கினால் சாயம் பெயர்ந்துவிடும். இதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அந்த வெளுத்த இடத்தைப் பார்த்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அப்புறம்தான் படத்தை உற்றுப் பார்க்கப் பழகினேன். கை சரியாக வரவில்லை, விரல்கள் எல்லாம் ஒரே நீளம். ஆனால் கடுக்கனில், சிவப்பின் மேல் கடுகளவு வெள்ளைச் சாயம் புடைத்து நிற்கிறது. அந்த ஒரு புள்ளியில்தான் கல் மின்னுகிறது! யாரோ எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். ரவி வர்மாவுக்கே அப்படித்தானே? 1868-ல் திருவிதாங்கூருக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் சொல்லித்தர மறுத்துவிட, அவர் வரைவதைப் பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைப் பிடித்தார்.

கோபியிலிருந்து:

எங்கள் அப்பாரு படத்தையும் கையால் எழுதியது என்றே நம்பியிருந்தோம். போன மாசம் சட்டத்தைக் கழற்றினால், பின்பக்கம் துணி நெசவே இல்லை, தடித்த அட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வேட்டிக்கரையிலும் நாற்காலியிலும் சாயம் கெட்டியாக இருக்கிறது, முகத்தில் மட்டும் மெல்லிசு. அடியில் போட்டோ. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்பத்தாளிடம் சொன்னேன். படத்தை வாங்கி மடியில் வைத்து, முந்தானையால் சட்டத்தை மட்டும் துடைத்தார். "சரி, மாட்டு சாமி. இருட்டறதுக்குள்ள வெளக்கு வெக்கோணும்."