எதை குடுத்தாலும் ஓரமா வச்சிடுற அத்தைக்கு, விருந்துக்கு போறப்ப என்ன வாங்கிட்டு போறது?

தூறல்மழை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரரோட அத்தை ஒவ்வொரு பண்டிகை லீவுக்கும் மொத்த குடும்பத்தையும் கூப்பிட்டு ராத்திரி விருந்து வைப்பாங்க, இருபது பேருக்கு மேல வருவோம், அத்தனை பேருக்கும் அவங்களே நின்னு சமைப்பாங்க, யாரையும் அடுப்பு பக்கம் விடமாட்டாங்க. வெறுங்கையோட போக எனக்கு மனசே வரல. ஆனா எதை கொண்டு போனாலும் "எதுக்கும்மா இதெல்லாம்"னு வாங்கி ஓரமா வச்சிடுறாங்க. முன்னாடி குடுத்த கைப்பை கவர் கூட பிரிக்காம அலமாரியில கெடக்கு, பரிமாறுற டிரே ஒண்ணு வேற சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிடுச்சு, வாசனை மெழுகுவத்தி தலைவலிக்குதுன்னு சொல்லிட்டாங்க. கோபக்காரங்க இல்ல, ரொம்ப பாசமானவங்க, ரசனைதான் கறார். வீட்டுல அவங்க, மாமா, ஒரு பூனை அவ்ளோதான். இந்த தடவை லில்லி எல்லாம் வச்சு பெரிய பூங்கொத்தா வாங்கலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

கடலோரக்காத்து:
மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், லில்லி மட்டும் வேண்டவே வேண்டாம்ங்க. பூனை இருக்குன்னு சொல்லியிருக்கீங்க, லில்லியோட இலை, பூ, மகரந்தம், அது நின்ன ஜாடி தண்ணி எல்லாமே பூனையோட கிட்னியை கெடுத்துடும், மேல ஒட்டுன மகரந்தத்தை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. ரோஜா, ஜெர்பரா, ஆர்க்கிட் இதுக்கெல்லாம் அந்த பயம் இல்ல.

பூவே குடுக்கணும்னா வாசல்ல வச்சு கையில குடுக்காதீங்க. அடுப்புல நாலு பாத்திரம் கொதிக்கிற நேரத்துல அவங்க ஜாடி தேடணும், தண்டு வெட்டணும், வைக்க இடம் ஒதுக்கணும், நன்றின்னு சொல்லி ஒரு வேலையை குடுத்த மாதிரி ஆயிடும். முந்தின நாளே அனுப்பிடுங்க, இல்ல ஜாடியோடவே குடுங்க. தொட்டியில இருக்கிற ஆர்க்கிட்னா இன்னும் நல்லது, ஃபலனாப்சிஸ் வகை பூ ஒழுங்கா பாத்துக்கிட்டா 2, 3 மாசம் கூட நிக்கும். பழக்கூடை பக்கத்துல மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க, பழுக்கிற பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அது பட்டா பூ சீக்கிரம் வாடிடும்.

ஊதாக்கலர்:
அவங்க ஓரமா வச்ச மூணையும் பாருங்க, எல்லாமே வீட்டுல எடம் புடிக்கிற பொருள். வயசாக ஆக வீட்டுல சாமான் சேருறதே பலருக்கு பாரமா இருக்கும், அதுவும் இவங்க மாதிரி பாத்து பாத்து வாங்குறவங்களுக்கு அடுத்தவங்க ரசனையில வந்ததை எங்க வைக்கிறதுன்னே தெரியாது. அதனால தீந்து போற பொருளா குடுங்க. நல்ல தேன், அவங்க குடிக்கிற வகை டீத்தூள், கை கழுவுற சோப்பு (வாசனை இல்லாததா பாத்து). தேன்ல ஒரு வசதி, மூடி வச்சா வருஷக்கணக்கா இருக்கும், உறைஞ்சா கெட்டுப்போச்சுன்னு நெனைக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வச்சா இளகிடும். விருந்துக்கு கைக்குழந்தையோட யாராவது வந்தா 1 வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் குடுக்கக்கூடாது, அதை சொல்லிடுங்க.

நடுக்கூடம்:
நான் வருஷா வருஷம் விருந்து வைக்கிற பக்கம் இருக்கிறவ, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. உங்க அத்தையை திருப்திப்படுத்துறது கஷ்டம்னு எனக்கு தோணல, அவங்க செஞ்சதை யாரும் சரியா கவனிச்சு சொல்லலைன்னுதான் தோணுது. எல்லாரும் "சூப்பர்"னு சொல்லிட்டு கெளம்பிடுவாங்க. காலையில இருந்து நின்னவளுக்கு அந்த ஒரு வார்த்தை பத்தாது. எது நல்லா இருந்துச்சு, யாருக்கு காரம் ஆகாதுன்னு ஞாபகம் வச்சு தனியா எடுத்து வச்சாங்களே அதை நீங்க பாத்தீங்களா, அதை ஒரு பேப்பர்ல கையால எழுதி குடுங்க, நாலு வரி போதும். எனக்கு அப்படி வந்த சீட்டெல்லாம் இன்னும் பத்திரமா இருக்கு, வந்த சாமான் பாதி இல்ல.

இன்னொண்ணு, போன விருந்து ஃபோட்டோவை எல்லாம் எடுத்து பாருங்க, அத்தை எத்தனையில இருக்காங்க? சமைக்கிறவ எப்பவும் ஃப்ரேமுக்கு வெளியதான் இருப்பா. இந்த தடவை அவங்க உக்காந்து சாப்பிடுற வரைக்கும் காத்திருந்து எல்லாரோடயும் சேத்து ஒரு படம் எடுங்க, அடுத்த வாரம் பிரிண்ட் போட்டு குடுங்க. கடையில வாங்குறதை விட இது ஆயிரம் மடங்கு மேல.

தூறல்மழை:
அக்கா, இப்பதான் ஆல்பம் முழுக்க பாத்தேன். ஒரே ஒரு படத்துல பின்னாடி பாதி முகம் தெரியுது, அதுவும் கரண்டியோட. மனசு கஷ்டமா போச்சு. ஃபோட்டோவும் கடிதமும்தான்னு முடிவு பண்ணிட்டேன். போறப்ப கையில சின்ன தேன் பாட்டில் ஒண்ணு. பிரிண்ட் போட ஏதாவது பாத்துக்கணுமா? குரூப்ல வர்ற படத்தையே குடுத்தா போதுமா?

ஊதாக்கலர்:
குரூப்ல வந்ததை குடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புற படம் சுருங்கித்தான் வரும். எடுத்தவங்க போன்ல இருந்து ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க. 8க்கு 10 இஞ்ச் பிரிண்ட் தெளிவா வரணும்னா 2400க்கு 3000 பிக்சல் இருந்தா நல்லது, இப்ப வர்ற போன்ல பெரும்பாலும் அது இருக்கும். மேட் பேப்பர்ல போடுங்க, லைட்டு பட்டா பளபளக்காது.

நடுக்கூடம்:
ஃப்ரேம் சின்னதா, அலங்காரம் இல்லாததா இருக்கட்டும்மா, இல்லன்னா அதுவும் அலமாரிக்குள்ள போயிடும். நேரா வெயில் படாத எடத்துல வைக்க சொல்லு, நிறம் மங்காது. முக்கியமா, குடுக்கிறப்ப எல்லார் முன்னாடியும் குடுக்காத. அவங்க வேலை இல்லாம உக்காந்திருக்கிற ஒரு சாயங்காலமா பாத்து நீயே நேர்ல போ, கடிதத்தை நீ இருக்கிறப்பவே படிக்க சொல்லி வற்புறுத்தாத, வச்சிட்டு வந்துடு.