நாலு வயது மகள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுகிறாள், எனக்கும் பொறுமை போய்விட்டது

தூக்கம்_தொலைத்தவள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். சின்னவனுக்கு ஏழு மாதம். தினமும் ராத்திரி 20 நிமிஷம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் செய்துவருகிறேன். நடப்பது என்னவென்றால், நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் நாலு பக்கம் தள்ளிப் புரட்டுவாள், இல்லையென்றால் ஒரே படத்தில் விரலை வைத்துக்கொண்டு "இவன் செருப்பு எங்க?" என்று நிற்பாள், நான் "முதல்ல கதையைக் கேளு" என்பேன், "நீ தப்புத் தப்பா சொல்ற" என்று புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டு ஓடிவிடுவாள். நேற்று கத்திவிட்டேன். அவள் அழுதாள், அந்தச் சத்தத்தில் சின்னவன் விழித்து அழுதான், அப்புறம் நானும். கணவர் வேலை முடிந்து வர ராத்திரி பத்து ஆகும்.

உறவில் இவள் வயதுப் பிள்ளை ஒன்று அ முதல் ஃ வரை எழுதிக் காட்டுகிறது. அதன் அம்மா அனுப்பும் வீடியோவைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவளுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும், அதையும் பாதி நாள் திருப்பிப் போடுகிறாள். போனைக் கொடுத்தால் மட்டும் அசையாமல் உட்காருகிறாள்.

இன்னும் கண்டிப்பாக உட்காரவைக்க வேண்டுமா, இல்லை கொஞ்ச நாள் விட்டுவிடலாமா? விட்டால் பள்ளியில் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

சிலேட்டுப்பலகை:

மழலையர் வகுப்பில் 17 வருஷம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், அந்தப் பையனின் செருப்பு எங்கேதான் போனது? நிஜமாகவே கேட்கிறேன், போய்ப் பாருங்கள். முந்தின பக்கத்தில் காலில் இருந்திருக்கும், அடுத்த பக்கத்தில் இருக்காது. படம் வரைந்தவர் மறந்திருக்கலாம், வேண்டுமென்றே ஒளித்தும் இருக்கலாம். எழுத்து தெரியாதவளுக்குப் படம்தான் வரி. அவள் வரி விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறாள், நீங்கள் அவள் பார்க்காத இடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் குழுவும் 1988இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள், இரண்டு பிரிவாகப் பெற்றோர், இரு பிரிவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வாசித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், நடுவில் நிறுத்தி "இவன் என்ன பண்றான்?" மாதிரி கேட்கவும், பிள்ளை சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முன்னால் போயிருந்தார்கள். உங்கள் வீட்டில் இது எப்படி என்றால், அவள் "செருப்பு இல்ல" என்கிறாளா, "ஆமா, ஒத்தைக் கால் செருப்பைக் காணோம், எங்க கழட்டிப் போட்டிருப்பான்?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். அதற்காகப் பரீட்சை மாதிரி இது என்ன நிறம், அது எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனால் ஓடத்தான் செய்வாள், நானே ஓடிவிடுவேன்.

"தப்பா சொல்ற" என்பதற்கு வருகிறேன், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. புத்தகத்தில் "நாய்க்குட்டி ஓடிக்கொண்டிருந்தது" என்று இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசுவீர்களா? "ஓடிட்டிருந்துச்சு" என்றுதானே நாலு வருஷமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். புத்தகத்தைத் திறந்ததும் அம்மா வேறு யாரோ மாதிரிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு அது தப்பாகத்தான் படும். வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், "அவர்கள் சென்றனர்" என்று வாசித்தால் பாதிப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள், "அவங்க போனாங்க" என்றால் திரும்பிவிடுவார்கள். அதனால் புதுப் புத்தகத்தை முதல் நாலைந்து தடவை வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். கதை அவளுக்கு மனப்பாடம் ஆனபிறகு எழுதியிருக்கிறபடி வாசியுங்கள். என்ன நடக்கிறது என்று முன்னமே தெரிந்திருப்பதால் அந்தச் சொற்கள் மிரட்டாது.

எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சகஜம், ஏழு வயது வரைகூட அங்கங்கே தலைகாட்டும். ஒரு கரண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டிதான், எழுத்துக்கு மட்டும் பக்கம் உண்டு என்பது பிள்ளைக்குப் புதுச் செய்தி. 247 எழுத்து என்று மலைக்கவும் வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டு, காலும் கொம்பும் எங்கே ஒட்டும் என்று புரிந்துவிட்டால் உயிர்மெய் 216இல் பெரும்பகுதி தானாக வந்துவிடும், கு கூ வரிசைதான் கொஞ்சம் படுத்தும். நாலு வயதில் அதற்கெல்லாம் அவசரமே இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, வெளியாட்களுக்கு அவள் பேச்சு பாதிகூடப் புரியவில்லை என்றால் அது வேறு கதை, காதுப் பரிசோதனையில் தொடங்குங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, உங்களையே திருத்துகிறாளே.

ரெண்டாம்ஷிப்ட்_அப்பா:

சிலேட்டுப்பலகை அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. புத்தகத் தமிழை ஏன் ஒத்திப்போட வேண்டும்? நான் முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறபடிதான் வாசிப்பேன், ஆனால் கனத்த குரலில், கையை எல்லாம் ஆட்டி. என் பையன் அதற்கு "ராஜா குரல்" என்று பெயர் வைத்துவிட்டான். "அப்பா, ராஜா குரல்ல சொல்லு" என்று அவனே கேட்பான். இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் "அப்பா, எனக்குப் பசிக்கின்றது" என்கிறான், வீட்டில் அடக்க முடியாத சிரிப்பு.

உங்கள் கணவர் இதைப் படித்தால் நல்லது. நானும் பத்து மணிக்கு வீடு திரும்புகிறவன்தான். வாசிப்பு ராத்திரிதான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? காலையில் அவன் எழுந்து முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிஷம் என்னுடையது. அப்புறம், வேலை இடைவேளையில் ஒரு புத்தகத்தை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவேன், பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் ஒரு விசில். அவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு விசில் வந்ததும் புரட்டுவான். முதல் வாரம் இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டிவிட்டு "அப்பா தப்பு" என்றான். இப்போது பரவாயில்லை.

புத்தகமே வேண்டாம் என்கிற நாளில் வாய் விளையாட்டு போதும். மலை, தலை, வலை, அலை, சிலை என்று மாறிமாறி அடுக்குவோம், நடுவில் நான் வேண்டுமென்றே "ஙலை" என்பேன், "அப்படி ஒண்ணு கிடையாது!" என்று குதிப்பான். சொல்லுக்குள்ளே ஓசைகள் தனித்தனியாக இருக்கின்றன, முதல் ஓசையை மாற்றினால் சொல்லே மாறிவிடும் என்று காது பிடித்துக்கொண்டால் எழுத்துக்கூட்டுவது பின்னால் சுலபம். குளிப்பாட்டும்போதும் செய்யலாம், கை ஒழிய வேண்டியதில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே 3 கோடி சொல் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டே, அதனால் பேசிக்கொண்டே இருங்கள், வாய் ஓயக்கூடாது.

ஓரப்பார்வை:

அண்ணா, மற்றதெல்லாம் அருமை, அந்தக் கடைசி வரியை மட்டும் ஏழு மாதக் கைக்குழந்தையோடு இருப்பவரிடம் சொல்லாதீர்கள். அந்த 3 கோடி 1995இல் ஹார்ட், ரிஸ்லி இருவரும் அமெரிக்காவில் 42 குடும்பங்களைக் கவனித்து அதிலிருந்து பெருக்கிப் போட்ட எண். பின்னால் வேறு ஆட்கள் பார்த்தபோது அவ்வளவு இடைவெளி தெரியவில்லை, இன்றுவரை சண்டை ஓயவில்லை. 2018இல் ரோமியோ என்பவரின் குழு 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எப்படி இயங்குகிறது என்றும் பார்த்தது. பெரியவர்கள் எத்தனை சொல் கொட்டினார்கள் என்பதைவிட, இரண்டு பேரும் எத்தனை தடவை மாறிமாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதோடுதான் அது ஒட்டிப்போனது. அப்படியானால் அவள் கேட்க, நீங்கள் "ம், அப்புறம்?" என்றாலே ஒரு சுற்று ஆயிற்று.

போனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், 3, 4 வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது. சின்னவனுக்குப் பால் கொடுக்கும் அரை மணி அவள் எதையோ பார்த்தால் குடிமுழுகிப் போகாது. தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். அந்த உறவுக்காரர் வீடியோவைப் பார்ப்பதை நீங்களும் நிறுத்திவிடுங்கள், அதுவும் திரைதான்.

ரெண்டாம்ஷிப்ட்_அப்பா:

சரி, வாங்கிக்கொண்டேன். "வாய் ஓயக்கூடாது" வாபஸ்.

எனக்கும்_இரண்டாவது:

எல்லோரும் மகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கடைசியாக வந்த அழுகையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தோழி, ஒன்று கேட்கிறேன், இங்கே பதில் சொல்ல வேண்டாம். சின்னவன் தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா? எனக்கு இரண்டாவது பிறந்து ஐந்தாறு மாதத்தில் முடியவில்லை. குழந்தை தூங்கும், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பெரியவன் ஒரு கேள்வி கேட்டாலே எரிச்சல் வரும், கத்துவேன், பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். நான் மோசமான அம்மா என்றே முடிவுகட்டியிருந்தேன். பிரசவம் ஆன முதல் சில நாள் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும், அதற்கு மேல் இழுத்தாலோ மாதங்கள் கழித்துத் தொடங்கினாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம், முதல் ஒரு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, 1987இல் வந்தது, பத்தே கேள்வி, கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கும். அதை வைத்தே நோய் என்று தீர்மானிக்க மாட்டார்கள், பேச்சைத் தொடங்க உதவும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு மட்டும் "எப்போதாவது" என்று பதில் வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது.

வாசிப்பு விஷயத்தில் நான் செய்தது என்னவென்றால், மூன்று வாரம் நிறுத்திவிட்டேன். பெரியவனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு "இன்னைக்கு நீ எனக்குக் கதை சொல்லு" என்பேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரே கதைதான், ஒரு லாரி பள்ளத்தில் விழும், வேறொரு லாரி வந்து தூக்கும். மூன்று வாரமும் அதே லாரி. அவன் ஒன்றும் பின்தங்கிப் போகவில்லை.

அந்த 20 நிமிஷத்தை 5 ஆக்குங்கள். அவள் மூடினால் மூடட்டும், "சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.

தூக்கம்_தொலைத்தவள்:

ஆறு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தெம்பில்லை.

அந்தப் பத்துக் கேள்வியைக் கணவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எண் நான் நினைத்ததைவிட அதிகம். பத்தாவதுக்கு "ஒருபோதும் இல்லை", கவலைப்படாதீர்கள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை, அப்புறம் வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு விடுப்பு சொல்லிவிட்டார். குரல் பதிவும் தொடங்கியிருக்கிறார், விசில் அடிக்க வராது என்பதால் தும்முகிறார்.

செருப்பு கிடைத்துவிட்டது! பதினோராம் பக்கத்தில் மரத்துக்குப் பின்னால் நாய்க்குட்டியின் வால் மட்டும் தெரிகிறது, வாலுக்குப் பக்கத்தில் செருப்பு வார். கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தப் புத்தகத்தை இருபது தடவையாவது வாசித்திருப்பேன். அவள்தான் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த கையோடு ஒரு தாளை எடுத்து நெளிநெளியாக ஏதோ இழுத்து, "செருப்பை நாய்க்குட்டி எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கேன்" என்றாள். அதில் எழுத்து என்று ஒன்றும் இல்லை. அக்கா, நான் திருத்திக் காட்ட வேண்டுமா?

சிலேட்டுப்பலகை:

தொடாதீர்கள். மூலையில் தேதி மட்டும் போட்டு எடுத்து வையுங்கள். வேண்டுமானால் வேறொரு தாளில், அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, "போயிடுச்சு" என்றே, அவள் பார்க்க நீங்கள் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒன்று கவனித்தீர்களா, எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாள்?

தூக்கம்_தொலைத்தவள்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இடமிருந்து வலமாகத்தான், மூன்று வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசியில் அழுத்தி ஒரு புள்ளிகூட வைத்திருக்கிறாள், தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது.